மினுக்கம் பொறுக்காதவர்

வாசகரே, மினுக்கம் பொறுக்காதவர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், அடையாளம் தெரிந்திருக்காது. உள்ளங்கையில் அடங்குகிற கார், லாரி, பைக் பொம்மைகளை (பொம்மை என்றால் கோபம் வரும், மாடல் என்று சொல்லுங்கள்) பெட்டியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, இடுக்கியையும் மூச்சையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஒட்டி முடித்துவிட்டு, அதில் வெள்ளி போல மின்னுகிற பம்பரையும் சைலன்சரையும் பார்த்துப் பார்த்து வேதனைப்படுகிறவர் அவர். ஊரெல்லாம் செலவு செய்து குரோம் பூசுகிறது. இவர் செலவு செய்து அதை அழுக்காக்குகிறார். ஏன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் மாலைப் பொழுது போய்விடும்.

ஆம்பூர் இன்பராஜை எடுத்துக்கொள்ளுங்கள். ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். பகலெல்லாம் அவர் வாயில் ஒரே பேச்சு: "ஷைனிங் கம்மியா இருக்கு, இன்னொரு தபா அடி!" ஷூவில் தன் மூக்கு தெரிகிறவரை விடமாட்டார். வீட்டுக்கு வந்து கைலி மாற்றியதும் நேர் தலைகீழ். மாடலின் குரோம்மீது முதலில் பளபளப்பை அடக்குகிற வார்னிஷைப் பூசுவார். அது காய்ந்ததும் கறுப்பும் பழுப்பும் கலந்து நீர்த்த சாயத்தை இடுக்குகளில் ஓட விடுவார். கம்பெனியில் வெட்டிப் போட்ட ஸ்பாஞ்சுத் துண்டால் துருப்புள்ளிகளை ஒற்றி ஒற்றி எடுப்பார். ஒவ்வொரு ஒற்றுக்கும் தலையைச் சாய்த்து, பிள்ளைக்குப் பொட்டு வைத்த தாய் மாதிரி பார்ப்பார். சாலையில் பழைய வண்டி போனால் போதும், பின்னாலேயே போவார். ஒரு குப்பை லாரியை மாதனூர் வரை துரத்திக்கொண்டு போக, டிரைவர் பயந்துபோய் நிறுத்தி, "இன்னா சார், ஏதாவது விழுந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லப்பா, உன் பம்பர்ல துரு சூப்பரா வந்திருக்கு. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

பாராட்டுதானே? டிரைவர் ஏனோ அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் மைத்துனன் ஆல்வின் தன் நிச்சயதார்த்தப் பரிசை ஒப்படைத்தான். பாகாயத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிற பிள்ளை. ஆசை ஆசையாகப் புது பைக் வாங்கியிருந்தான். அதே பைக்கின் மாடல் ஒன்றை வரவழைத்து, திமிரியில் இருக்கிற பெண் சௌந்தர்யாவுக்குக் கொடுக்க நினைத்தான்.

"மாமா, ஒட்டி மட்டும் குடுங்க. உங்க கைவரிசைய இதுல காட்டிடாதீங்க."

"சேச்சே, கல்யாண மேட்டர்ல வெளையாடுவனா மச்சான்?"

வாக்குக் கொடுத்தபோது அவர் பொய் சொல்லவில்லை. இந்த ரகத்தினர் எப்போதுமே பொய் சொல்வதில்லை. ஒட்டி முடித்து மேஜையில் வைத்தார். சைலன்சர் பல்லைக் காட்டிச் சிரித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் அலமாரிக் கண்ணாடியிலும் அது சிரித்தது. மனிதர் எவ்வளவுதான் தாங்குவார்?

மனைவி பிரிசில்லா வந்து பார்த்தபோது கையில் ஸ்பாஞ்சு இருந்தது. "இன்னாங்க பண்றீங்க?"

"பளபளப்பு ஜாஸ்தியா இருக்கு. லைட்டா கம்மி பண்றேன்."

லைட்டாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அந்த பைக் இரண்டு வெள்ளத்தையும் ஒரு விவாகரத்தையும் பார்த்த மாதிரி இருந்தது.

நிச்சயதார்த்தம் திமிரியில் பெண் வீட்டில். ஆற்காடு தாண்டியதும் நல்ல மழை. எல்லோரும் வேனில் வர, பெண் பார்க்கட்டும் என்று புது பைக்கிலேயே வந்த ஆல்வின் சேறும் சகதியுமாக வந்து இறங்கினான். பூ, பழத் தட்டுகளுக்கு நடுவே இன்பராஜ் மாடலை வைத்து, அழகாகத் துணியை விலக்கினார். "மாப்ள வண்டி, அச்சு அசல்!"

பெண்ணின் அப்பா துரைசாமி குனிந்து பார்த்தார். டிராக்டர் ஓட்டுகிறவர், துருவைத் தெரியாதா? "மாப்ள வண்டி புதுசுன்னு தரகர் சொன்னாரே?"

"புதுசுதான் மாமா!" என்றான் ஆல்வின்.

துரைசாமி எழுந்து வாசலுக்குப் போனார். சனமே பின்னால் போனது. வாசலில் நின்ற நிஜ பைக், சைலன்சரிலிருந்து கண்ணாடிவரை பழுப்புப் புள்ளியாக, தட்டில் இருந்த மாடலின் கூடப்பிறந்த அண்ணன் போல நின்றது. துரைசாமியின் மீசை துடித்தது. "வண்டி விஷயத்துலயே இப்டின்னா, மத்த விஷயம் எப்டி?" என்றார் யாரோ ஒரு சித்தப்பா. பிரிசில்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கூட்டத்திலேயே ஒரே ஒருவர் முகம்தான் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா!" என்று துள்ளினார் இன்பராஜ். "நான் வெச்ச எடத்துலயே புள்ளி விழுந்திருக்கு! எடத்துலயே!"

பிரிசில்லா ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தாம்பூலத் தட்டின் துணியைப் பிடுங்கி, சொம்புத் தண்ணீரை ஊற்றி, பைக்கைத் தேய்த்தாள். சேறு வழிந்தது, உள்ளிருந்து குரோம் பளீரென்று எழுந்தது. துரைசாமி தன் மீசையை அதிலேயே பார்த்துக்கொண்டு, "புதுசுதான்" என்றார். சித்தப்பா பந்தி எப்போது என்று விசாரிக்க உள்ளே போனார்.

"அப்ப இதையும் தொடச்சிடலாம்" என்று துரைசாமி நல்ல மனதோடு மாடலை எடுத்துத் தேய்க்க, துரு போகவில்லை. கண்ணாடி ஒன்று 'டக்' என்று ஒடிந்து வந்தது. இன்பராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, வுடுங்க!" பட்டுப் புடவை சரசரக்க ஓடிவந்தாள் சௌந்தர்யா. மாடலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். "அண்ணா, இந்தப் பழுப்பு எப்டி வந்துச்சு? ஸ்பாஞ்சா?"

 இன்பராஜ் வேக வேகமாகத் தலையை ஆட்டினார்.

"நான் பல் செட்டு செய்யற லேப்ல வேலை செய்றேண்ணா. பல்லு ரொம்ப வெள்ளையா இருந்தா பொய்ப்பல்லுன்னு காட்டிக் குடுத்துடும். லேசா காப்பிக் கறை வெப்போம். ஆனா இவ்ளோ நைஸா எனக்கு வராது."

"கடைசிக் கோட்டிங் காயறதுக்குள்ள ஒத்தணும்மா! அதான் சூட்சுமம்!"

மோதிரம் மாற்ற நேரமாகிவிட்டது என்று நாலு பேர் கத்தியும் இருவரும் நகரவில்லை. மாப்பிள்ளை கையில் மோதிரத்தோடு நின்றான். கடைசியில் அவள் விரலை நீட்டினாள். அவன் நிம்மதியாக மாட்டினான். அப்போதுதான் அவள் வாசல் பக்கம் பார்த்து அவன் காதருகே சொன்னாள்: "ஏங்க, உங்க சைலன்சர் ரொம்ப மின்னுது இல்ல?"

ஆல்வின் முகத்தில் இருந்த மினுக்கம் அந்த நொடியே அடங்கியது. வார்னிஷே தேவைப்படவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கு இந்த வியாதியெல்லாம் கிடையாது என்கிறீர்கள். சரி. முழு விலை கொடுத்து முட்டி கிழிந்த ஜீன்ஸ் வாங்கியது யார்? நேற்று எடுத்த போட்டோவை ஐம்பது வருஷப் பழசாக மாற்றி ஸ்டேட்டஸில் வைத்தது யார்? அதுவும் நீங்கள் இல்லை என்றால், போகட்டும், கடைசியாக ஒன்று கேட்கிறேன். எதிர்வீட்டு வாசலில் புதுக் கார் வந்து நின்றபோது, லட்டை வாயில் போட்டுக்கொண்டே, 'ஒரு கீறல் விழுந்தால்தான் பார்க்க வண்டி மாதிரி இருக்கும்' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?

தோன்றியது அல்லவா? வாருங்கள். உங்களுக்கு ஸ்பாஞ்சு ஒன்றுதான் பாக்கி.