முதல் இலையில் உட்கார்ந்தவர்

விருந்தாளிகள் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிப் போய்விட்டார்கள். முதல் இலையில் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

சதாசிவம் கணினியோடு இணைத்திருந்த தொலைக்காட்சித் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். திரையில் இலைகள் சின்னச் சின்னக் கோடுகளாக வரிசையாய்க் கிடந்தன. ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு புள்ளி வந்து உட்காரும், சிறிது நேரம் மினுக்கும், எழுந்து போகும். மினுக்கினால் அந்த விருந்தாளி சாப்பிடுகிறார் என்று பொருள். முதல் இலையில் இருந்த புள்ளி மினுக்கவே இல்லை. பந்தி தொடங்கியபோது வந்து உட்கார்ந்தது. பந்திகள் எல்லாம் முடிந்த பிறகும் அங்கேயே இருந்தது.

"யாருங்க அது?" என்றாள் மனைவி காளியம்மா, கையில் வெங்காயத் தட்டுடன்.

"யாருமில்ல. மெஷின் கோளாறு."

"கோளாறு எதுக்கு மொத எலையில வந்து உக்காரணும்?"

யாராவது மடக்கினால் முதுகை நிமிர்த்திக்கொள்வது சதாசிவத்தின் வழக்கம். நிமிர்த்திக்கொண்டார்.

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முதலாளிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறினார். மகள் மங்களத்தின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்தை அந்தப் பழைய தோட்டத்து மண்டபத்தில்தான் நடத்துவேன் என்று நின்றார். அது அவருடைய அப்பா இராமசாமி தலைவராக இருந்து கட்டிய மண்டபம். ஆனால் இடம் சிறியது, அழைப்போ பெரியது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமொன்றில், சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்திருந்தார். அந்த மானக்கேடு தம் வீட்டில் நடக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த வயதில் கணினி படிக்கப் போனார்.

பழைய நகரில் அபுபக்கர் வைத்திருந்த சாப்பாட்டுக் கடையின் மாடியில், அவர் மகள் ஷம்சாத் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுத்தாள். வெளிநாட்டில் பொறியியல் படித்துவிட்டு வந்தவள். ஒரு வேலையை நிஜத்தில் செய்வதற்கு முன் கணினிப் பெட்டிக்குள் நடத்திப் பார்ப்பதுதான் பாடம். "உள்ள யாரு வர்றாங்க, எங்க காத்து நிக்கிறாங்க, எப்ப வெளிய போறாங்க. இது தெரிஞ்சா ஈயச் சுரங்கத்தையும் நடத்திப் பாக்கலாம், கல்யாணப் பந்தியையும் நடத்திப் பாக்கலாம்யா" என்று அவள் சொன்னபோது சதாசிவம் அந்த இடத்திலேயே மாணவராகிவிட்டார்.

கணினி நிரல்கள் பாட்டுக் கேசட்டில் வந்த காலம் அது. அவள் கொடுத்த கேசட்டில் இருந்தது, லகாட் ஈயச் சுரங்கத்தில் லோரிகள் எடை மேடைக்கு வரிசையில் நிற்பதைப் பற்றிய நிரல். யாரோ எழுதி, யாரோ திருத்தி, கைமாறிக் கைமாறி வந்தது. சதாசிவம் லோரிகளை விருந்தாளிகளாக்கினார். எடை மேடையை வாழை இலையாக்கினார். பிறகு வீட்டு வழக்கங்களை ஒவ்வொன்றாக விதிகளாக எழுதினார். குழந்தைகள் தாயோடுதான் உட்காரும். பெரியவர்களுக்கு முதல் பந்தி. இராமசாமி பெற்ற பிள்ளைகள், வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின்பே சோற்றில் கை வைப்பார்கள். இந்தக் கடைசி விதி அப்பா போட்டது. அதை எழுதாமல் விட்டால் அது வேறு யாரோ வீட்டுக் கல்யாணம் ஆகிவிடும்.

வருகிறவர்களின் பட்டியலில் தம் வீட்டை முதலில் எழுதினார். தோட்டத்தில் எந்தக் காரியத்திலும் அவர்கள் வீடுதான் முதல். பிறகு சம்பந்தி வீடு, பிறகு தோட்டத்து ஜனங்கள்.

கேசட் இலவசம். ஆனால் ஷம்சாத் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். "தெறந்து பாருங்க, மாத்துங்க, யாரும் கேக்க மாட்டாங்க. மாத்துனத மட்டும் கிளாஸ்ல எல்லாருக்கும் காட்டணும். பத்துக் கண்ணு பட்டாத்தான் பிழை தெரியும்."

பத்துக் கண் படுவதா? கல்யாண வீட்டின் மேலா? சதாசிவம் கேசட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இது குடும்ப விஷயம், டீச்சர்" என்றார். அவள் மூன்று வாரம் கேட்டுப் பார்த்து விட்டுவிட்டாள்.

இப்போது அந்தக் குடும்ப விஷயம் முதல் இலையில் உட்கார்ந்திருந்தது.

முதலில் இலை போதவில்லையோ என்று நினைத்து ஓர் இலையைக் கூட்டினார். நிரலை ஏற்றும் கேசட் தன் கீச்சுக்குரலில் அலறி முடித்தது. பந்தி நடந்தது. எல்லோரும் போனார்கள். முதல் இலைக்காரர் இருந்தார்.

ஒரு விருந்தாளியைக் குறைத்தார். முதல் இலைக்காரர் இருந்தார்.

சம்பந்தி வீட்டையே பட்டியலிலிருந்து எடுத்தார். அது பெரிய அவமரியாதை என்று உள்ளுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் எடுத்தார். தோட்டத்து ஜனங்களையும் எடுத்தார். யாரையும் அழைக்காத கல்யாணம். மண்டபம் வெறிச்சென்று கிடந்தது. வீட்டார் நாலு பேர் மட்டும் வந்தார்கள். மூன்று புள்ளிகள் மினுக்கி எழுந்து போயின. வெற்று இலைகளுக்கு நடுவே ஒன்று மட்டும், சாப்பிடாமல், அசையாமல், தம்மையே பார்ப்பது போல் இருந்தது. வெளியே மத்தியான மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புமலைகள் மறைந்து, ஜன்னலில் வெள்ளை மட்டும் தெரிந்தது. சதாசிவம் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தம் வீட்டையும் எடுத்துப் பார்க்கலாம். அதற்கு மனம் வரவில்லை. தைரியமும் வரவில்லை.

காளியம்மா அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

சுவரில் நவமணியின் படம் மாலையோடு தொங்கியது. சதாசிவத்தின் ஒரே தங்கை. தோட்டத்து லோரி ஓட்டிய அர்ச்சுனனோடு சொல்லாமல் போய்விட்டவள். அன்றைக்கே சதாசிவம் தலை முழுகினார். அதோடு விட்டிருக்கலாம். கேட்டவர்களுக்கெல்லாம் வெளியூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னார், காரியமும் செய்தார். சொன்னதை நிரூபிக்கப் படத்துக்கு மாலை போட்டார். மாலை போட்ட பிறகு படையல் வைக்காமல் இருக்க முடியுமா? ஆண்டுதோறும் அவள் பெயரில் இலை போட்டு, பிடித்த கருவாட்டுக் குழம்பும் வைத்து, கண்ணையும் துடைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த சம்பந்தி உடையப்பன்கூட அந்தப் படத்தின் முன் கைகூப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தார். உண்மை தெரிந்தவர்கள் சதாசிவமும் காளியம்மாவும் மட்டுமே.

"அது நவமணிதான்" என்றாள் காளியம்மா.

"அவ உசுரோட இருக்கா. பேயா வர்றதுக்கு ஒரு முறை இல்லையா?"

"அதனாலதான் சாப்பிட மாட்டேங்குறா. செத்தவங்க படையலச் சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. உசுரோட இருக்கறவளுக்குப் படையல் போட்டா அவ எப்படிங்க சாப்பிடுவா? உக்காந்துதான் இருப்பா."

சதாசிவம் இதை மறுத்துப் பேச வாயெடுத்தார். திரை ஒருமுறை நடுங்கியது. வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டிக்குள் இருப்பவளைப் பெட்டிக்குள்ளேயே சமாதானப்படுத்திவிடலாம். வீட்டார் பட்டியலில் தங்கையையும் சேர்த்தார். என்ன இருந்தாலும் இராமசாமி பெற்ற பெண். வீட்டு வழக்கம் அவளுக்கும் உண்டு என்று அதையும் முறையாக எழுதினார். மனசு கொஞ்சம் இளகியது போலக்கூட இருந்தது. நிரலை ஓட்டினார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனார்கள்.

இப்போது இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சதாசிவம் தொலைக்காட்சியின் மேல் துண்டைப் போட்டு மூடினார். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அழைப்பிதழும் வெற்றிலை பாக்குத் தட்டும் எடுத்துக்கொண்டு, கோலா கங்சாருக்குப் பஸ் ஏறினார். அவள் இருக்கும் இடம் அவருக்கு எப்போதும் தெரியும். தெரியாத மாதிரி இருந்ததுதான் கௌரவம்.

ஆற்றோரத்துப் பலகை வீட்டின் வாசலில் நவமணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் கையில் இருந்த துணியை உதறவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"நான் செத்துப் போயிட்டேன்னு பாசார்ல பேசிக்கிட்டாங்க. யார் சொன்னதுன்னு தெரியல."

"நான்தான் சொன்னேன்."

"அப்படியா. செத்தவள எதுக்குண்ணே தேடிட்டு வந்தீங்க?"

"மங்களத்துக்குக் கல்யாணம்." வெற்றிலைத் தட்டை நீட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வம்சத்தில் யாருக்கும் வாயில் வந்ததில்லை. "வா. வந்து சாப்பிடு. சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிடு. அது போதும்."

"சாப்பாட்டுக்கு வான்னு கூப்பிடறவங்கள பாத்திருக்கேன். எந்திரிச்சுப் போன்னு கெஞ்சறவங்கள இப்பத்தான் பாக்கறேன்லா" என்றாள். ஆனால் தட்டை வாங்கிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று தாலி கட்டும் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பந்தி தொடங்கியதும் நவமணி வந்தாள். அர்ச்சுனன் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் நேராக உள்ளே போனாள். முதல் இலையை விட்டு அதற்கு அடுத்த இலையில் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கம் சாம்பார் வாளியோடு வந்தவள் கருப்பம்மாள், தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த கிழவி. நவமணியின் காரியத்துக்கு ஒப்பாரி வைத்தவளும் அவள்தான். முகத்தைப் பார்த்தாள். வாளி அவள் கையில் நிற்கவில்லை. "ஆத்தாடி, வேர்க்குதே, செத்தவளுக்கு வேர்க்குதே" என்று முணுமுணுத்தபடி பின்னாலேயே நடந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செய்தி வரிசையில் இலைக்கு இலை தாவியது. தோட்டத்து ஜனங்கள் பாதிச் சாப்பாட்டில் பிசைந்த கையோடு திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தி உடையப்பன் எழுந்து வந்தார். கூரைத் தகரத்தில் மழை மட்டும் கேட்டது.

"சம்பந்தி, ஒங்க வீட்டுச் சுவத்துல பாத்தேனே, காய்ச்சல்ல போன தங்கச்சி. அவங்க சாடையிலயே ஒரு அம்மா உக்காந்திருக்காங்க."

தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். சொல் நாக்கின் நுனி வரை வந்தது. சொன்னால் மானம் தப்பும். ஆனால் இன்னொரு முறை அவளைக் கொல்ல வேண்டியிருக்கும். திரையில் மினுக்காமல் இருந்த புள்ளி நினைவுக்கு வந்தது.

"சாடை இல்ல சம்பந்தி. அவளேதான். என் தங்கச்சி. அவ சாகல. நான்தான் பொய் சொன்னேன்."

உடையப்பன் மெல்லத் தலையாட்டினார். "செத்தவங்களையும் விடாம கூட்டிட்டு வந்து எலை போடறீங்க. இந்த உபசரிப்பு யாருக்கு வரும்" என்று சொல்லிவிட்டுத் தம் இலைக்குப் போய் ரசம் கேட்டார். யாரோ சிரித்தார்கள். பந்தி மறுபடி நடந்தது.

சதாசிவத்துக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. அடுத்தடுத்த பந்திகளுக்கு ஓடியாடிப் பரிமாறினார். ஒருவரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. கடைசிப் பந்தியும் எழுந்தது. எல்லோரும் கை கழுவிப் போனார்கள். நிம்மதியாகத் திரும்பினார்.

நவமணி எழுந்திருக்கவில்லை.

அவள் இலையில் சோறு தொடப்படாமல் கிடந்தது. பக்கத்தில் முதல் இலை வெறுமையாக விரித்தபடியே கிடந்தது. நீண்ட மண்டபத்தில், கலைந்த நாற்காலிகளுக்கு நடுவே, திரையில் கண்ட அதே காட்சி.

சதாசிவம் அருகே போனார். "ஏம்மா சாப்பிடல?"

"என்னண்ணே கேக்கறீங்க. அப்பா போட்ட வழக்கம் மறந்துபோச்சா? வந்தவங்க எல்லாரும் சாப்பிடாம நாம எப்படிக் கை வைக்கிறது?"

"எல்லாரும் போயாச்சே."

"நீங்க இன்னும் சாப்பிடலயே."

சதாசிவம் அங்கே நிற்க முடியாமல் வாசலுக்கு வந்தார். தகப்பனார் அபுபக்கரோடு கல்யாணத்துக்கு வந்திருந்த ஷம்சாத், மழை விடட்டும் என்று அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டாள். இத்தனை நாள் சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்ததை அவர் கொட்டிவிட்டார். முதல் இலைக்காரரைச் சொன்னார். யாரையும் அழைக்காத கல்யாணத்தைச் சொன்னார். ஒருவர் இருவரானதைச் சொன்னார். ஆவி இப்போது உள்ளே சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறது என்றார்.

"என்னென்ன விதி எழுதினீங்க, ஐயா? மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க."

சொன்னார். தாயோடு குழந்தைகள். முதல் பந்தியில் பெரியவர்கள். வந்தவர்கள் எல்லோரும் எழுந்த பின்பே இராமசாமியின் பிள்ளைகள்.

"வந்தவங்க பட்டியல்ல மொத ஆளு யாரு?"

"நான்தான். பின்ன, எங்க வீட்டுல எனக்கு முன்னால யார எழுதறது?"

ஷம்சாத் உள்ளே எட்டிப் பார்த்தாள். வெறும் மண்டபத்தையும், தொடாத சோற்றையும், அதன் பக்கத்தில் காலியாகக் கிடந்த முதல் இலையையும் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"அது பேயில்லங்கய்யா, நீங்கதான், இவ்வளவு நாளும் நீங்க எந்திரிக்கட்டும்னு நீங்களே காத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க."