மறைந்த மனைவி உட்காரும் பெஞ்சு

லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியைச் சாகடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல்கூடத் தேய்க்காமல். ஆயுதம் கைப்பேசி. இடம் சோபா. அந்த நேரத்தில் மனைவி சமையலறையில் அவருக்குத்தான் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கெட்டவர் இல்லை. ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜனங்களை மேலும் கீழும் கொண்டுபோய் விடுபவர். ஆனால் தன்னைப் பக்கவாட்டில் பத்தடி நகர்த்துவதென்றால் மட்டும் உடம்பு வளையாது. அப்படிப்பட்டவரைப் போய், தெருத் தெருவாக நடந்து பூதம் பிடிக்கிற கைப்பேசி விளையாட்டு ஒன்று பிடித்துக்கொண்டது. மணிக்கூண்டு, சிலை, பாலம் என்று ஊரில் பார்க்கத் தகுந்த இடங்களை ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு முகாமாக அங்கீகரிப்பார்கள். முகாம் பக்கத்தில் நின்றால் பூதங்கள் தானாக வரும். அவருக்குக் கிட்டத்தில் இருந்த முகாம் பஸ் டிப்போ கடிகாரம். போக ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர், நடுவில் ஒரு மேடு.

நாம் எதற்கு முகாமுக்குப் போக வேண்டும், முகாம் நம்மிடம் வரட்டுமே என்று தோன்றியது. வீட்டு வாசலுக்கு வெளியே, நடைபாதை ஓரத்து மரத்தடியில் ஒரு பெஞ்சு கிடந்தது. சோபாவிலிருந்து பார்த்தாலே தெரியும்.

அது இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே செய்தது. மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. நாளெல்லாம் அடுத்தவர் அலறலைக் கேட்டுவிட்டு வருகிறவள், “சாயங்காலம் கொஞ்ச நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசலாமேங்க” என்று கேட்டாள். கழற்றிப் போட்ட ஒரு பழைய லிஃப்டின் பலகைகளை வைத்துச் செய்துகொடுத்தார். நாலு நாள் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் நாள் பூதம் வந்துவிட்டது.

பெஞ்சைப் படம் எடுத்து விண்ணப்பித்தார். ‘சாதாரண பெஞ்சு’ என்று தள்ளிவிட்டார்கள். ‘அபூர்வ லிஃப்ட் பலகை பெஞ்சு’ என்று எழுதினார். ‘அபூர்வமான சாதாரண பெஞ்சு’ என்று மறுபடி தள்ளினார்கள். விதிகளை ஊன்றிப் படித்தார். யாராவது காலமானவரின் நினைவாக வைத்த பெஞ்சு என்றால் சேர்த்துக்கொள்ளலாமாம்.

வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். தான் செத்தால் விளையாட முடியாது.

‘மறைந்த மனைவியின் நினைவாக ஒரு தொழிலாளி தன் கையால் செய்தது’ என்று தட்டினார். மறைந்தவரைப் பற்றி இரண்டு வரி எழுதுக என்றது அடுத்த கட்டம். அவளுக்கு என்ன பிடிக்கும்? இருபத்திரண்டு வருஷத்தைத் துழாவினார். டீ வந்தது. குடித்து முடித்தும் ஒன்றும் அகப்படவில்லை. பெஞ்சின் மேல் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. ‘பறவைகள் என்றால் அவருக்கு உயிர்’ என்று முடித்து அனுப்பிவிட்டார்.

ஒன்பதாம் நாள் அங்கீகாரம் வந்தது. அன்றைக்கே ஒன்பது மாடிக் கட்டடத்துக் காவலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நானும் பூதம் பிடிக்கிறவன்தான் சார். போட்டோவுல உங்க வீடு தெரிஞ்சுது. அம்மா மேல போயிட்டாங்களாமே?”

“எத்தனாவது மாடி?” என்றார் மெக்கானிக், தொழில் நினைப்பில்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி, கால் கடுக்கிறதே என்று பெஞ்சில் உட்காரப் போனாள். பூதம் பிடிக்கச் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரில் ஒரு கல்லூரிப் பெண் தடுத்தாள்.

“அக்கா, அதுல உட்காராதீங்க. இந்த வீட்டம்மா நினைவா வச்சது.”

“எந்த வீட்டம்மா?”

“பாவம், இறந்துட்டாங்க. பறவைன்னா உயிராம்.” கைப்பேசியைக் காட்டினாள்.

மனைவி நின்றபடியே படித்தாள். உள்ளே போனாள். கத்தவில்லை. சோபாவில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“நான் எப்பங்க செத்தேன்?”

“செவ்வாய்க்கிழமை. வேற வழியே இல்லம்மா, ரெண்டு தடவை தள்ளிட்டாங்க.”

“சரி.”

“ராத்திரிக்கு என்ன சமையல்?”

“செத்தவகிட்ட கேக்கற கேள்வியா இது?” கைப்பையை ஆணியில் மாட்டினாள். “செத்ததுகூடப் போகட்டும். பறவைன்னு எழுதியிருக்கீங்களே.”

“ஏன், பிடிக்காதா?”

“எனக்குப் பறவைன்னா நடுக்கம். கல்யாணமான புதுசுல ஜன்னல்ல புறா வந்து உட்கார்ந்தா, நீங்கதான துண்டை வீசி விரட்டுவீங்க? ராத்திரி எழுந்துகூட ஒரு தடவை பார்ப்பீங்க, திரும்ப வந்துடுச்சான்னு.”

விரட்டியிருக்கிறார். அந்தத் துண்டின் நிறம்கூட இப்போது நினைவு வந்தது. அவள் பயந்தது மட்டும் எப்படியோ கழன்று விழுந்திருந்தது. கைப்பேசியில் பூதம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் குதித்துக்கொண்டிருந்தது. அவர் பிடிக்கவில்லை. பிடிக்கவும் பிடிக்கவில்லை.

முகாமை நீக்கச் சொல்லி மறுநாளே எழுதினார். பெஞ்சு இருக்கிறவரை நீக்க முடியாது என்று பதில் வந்தது. என் மனைவி உயிரோடுதான் இருக்கிறாள் என்றார். போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். லேபுக்கே போய், ரத்தம் கொடுக்கக் காத்திருந்தவர்கள் நடுவில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

“நீக்க முடியாட்டி திருத்தலாமில்ல?” என்றாள் அவள், ஊசியிலிருந்து கண் எடுக்காமல். “போனைக் குடுங்க. நானே எழுதறேன்.”

கொடுத்தார். இடைவேளையில் நிதானமாகத் தட்டினாள்.

“படிச்சுக் காட்டவா?”

“வேணாம்மா. நீ உயிரோட இருந்தா போதும்.” அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

மூன்றே நாளில் திருத்தம் ஏற்கப்பட்டது. ஊரே படித்த பிறகு அவரும் படித்தார்.

‘உயிரோடு இருக்கும் மனைவிக்காக ஒரு லிஃப்ட் மெக்கானிக் செய்த பெஞ்சு. தினமும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை இருவரும் இங்கே உட்கார்ந்து பேசுவார்கள். அந்த நேரத்தில் கணவர் கைப்பேசியைத் தொட மாட்டார். தொட்டால், பார்ப்பவர்கள் சத்தம் போடவும்.’

பூதங்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவது ஆறிலிருந்து ஏழு வரைக்கும்தான்.

அன்றைக்கு ஆறு மணிக்குப் பத்துப் பேர் வந்து நின்றார்கள். ஒருவன் அவரிடமே, “சார், கொஞ்சம் நகருங்க, உங்க மடியில ஒரு பெரிய பூதம்” என்றான். நகர்ந்துகொடுத்தார். அவள் பேசினாள். ஊசியைக் கண்டால் பயந்து பாடுகிற லாரி டிரைவரைப் பற்றி, ரத்த நாளமே அகப்படாத ஒரு குழந்தையைப் பற்றி, இந்த இரண்டு வருஷம் இதையெல்லாம் தனியாக இந்தப் பெஞ்சிடம் சொன்னதைப் பற்றி. அவருக்கு நீர் கோத்துக் கண் மறைத்தது. கை மெல்லப் பாக்கெட்டுக்குள் போனது.

“அங்கிள்! கை!” என்று பத்துப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவர் எடுக்கப் போனது கைக்குட்டையை. நம்பத்தான் ஆள் இல்லை.