பா தூ வீட்டு மரத்துக்கு நான் பார்த்த வைத்தியம்

அதிகம் படித்தவனால் ஊருக்குக் கொஞ்சம் கெடுதல் உண்டு. படித்தவன் எழுதியதைப் பார்த்து எழுதியே தன்னையும் படித்தவனாக நினைத்துக்கொள்பவனால் வரும் கெடுதலுக்கு அளவே கிடையாது. நான் இரண்டாவது ரகம்.

காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்து, சைகோனில் பிரெஞ்சு சர்க்காரின் விவசாய ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். துரைமார் எழுதும் செடிநோய் அறிக்கைகளை நல்ல கையெழுத்தில் பிரதி எடுப்பதுதான் வேலை. ஒரே வருஷத்தில் மரங்களுக்கு நாடி பார்க்கவே தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. தெருவில் போகும்போது புளியமரங்களை நிறுத்தி விசாரிப்பேன். (அவை ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தன.)

பா தூ என்ற விதவை அம்மாள் வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். அவளுடைய முன்னறை கிடைத்தால் ஊரில் காத்திருந்த என் மனைவி அமலோற்பவத்தை வரவழைத்துக்கொள்ளலாம். கேட்டதற்கு, "புது வருஷம் பிறக்கட்டும், சொல்கிறேன்" என்றாள். அதற்குள் அந்த அம்மாள் மனம் குளிர ஏதாவது செய்துவிட வேண்டும் என்று துடித்தேன்.

தெத் என்னும் அவர்களுடைய புது வருஷத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பா தூ தங்கையைப் பார்க்க மீதோவுக்கு ரயிலேறினாள். அன்று மாலை ஆபீஸ் விட்டு வந்து கொல்லைப்பக்கம் போனால், அவள் உயிராக வளர்த்த மாய் என்னும் பூமரம் மொட்டையாக நிற்கிறது! காலையில் அடர்ந்திருந்த மரத்தில் ஓர் இலை இல்லை. தரையிலும் இல்லை. (ஒரே பகலில் அத்தனை இலையையும் உதிர்த்துவிட்டு, கீழே பெருக்கியும் வைக்கிற மரம் எது என்று ஒரு முட்டாள்கூட யோசித்திருப்பான்.)

பட்டையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே நல்ல பச்சை. மரம் சுகமாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். "நோய் இன்னும் உள்ளே இறங்கவில்லை" என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். கிளை நுனிகளில் மிளகு மிளகாகப் பச்சை உருண்டைகள் இருந்தன. அகப்பட்டான் திருடன்! பூச்சி முட்டையிட்ட கொப்புளங்கள், வேறென்ன? பக்கத்து வீட்டுத் தகரவேலைக்காரரின் மரமும் மொட்டையாகத்தான் நின்றது. "தொற்று பரவுகிறது" என்று அதையும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட விட்டுவிட்டு ஏணியில் ஏறினேன். உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பால் டப்பாவில் போட்டேன். கிள்ளிய இடத்திலெல்லாம் புகையிலைக் கஷாயம் தடவினேன். தகரக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துப் பதறினார்.

"ஏன் கிள்ளுகிறாய்? விட்டுவிடு! மரத்துக்கு ஒன்றுமில்லை!"

"நீங்கள் எந்த அறிக்கையைப் படித்தீர்கள்?" என்றேன். (நாக்கில் புண் வந்திருக்கலாம் எனக்கு. வரவில்லை.)

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உச்சிக் கிளைக்கு மட்டும் ஏணி எட்டவில்லை.

பா தூ திரும்பி வந்ததும் டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினேன். "உங்கள் மரத்தைக் காப்பாற்றிவிட்டேன்."

அவள் உள்ளே பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இலையை உருவினது நான்தான், தம்பி. ரயிலுக்குப் போவதற்கு முன்னால் உருவிவிட்டுப் போனேன். உருவினால்தான் தெத்துக்குப் பூக்கும். எல்லா வீட்டிலும் செய்வதுதான். இது மொட்டு."

நான் டப்பாவைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான மொட்டு.

"மரம் எப்படிப் பூக்கிறதோ அப்படித்தான் வருஷம்" என்றாள். "அதைப் பார்த்துத்தான் உனக்கு அறை தருவதைப் பற்றிச் சொல்லலாம் என்றிருந்தேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. நான் வெட்கத்தில் செத்தேன். அமலோற்பவத்துக்கு என்ன எழுதுவது? மொட்டைக் கிள்ளியதால் கப்பலேற வேண்டாம் என்றா?

தெத் பிறந்தது. தெருவெல்லாம் மஞ்சள் பூ. தகரக்காரர் வீட்டில் கிளை தெரியாமல் பூத்துக் கிடந்தது. எங்கள் மரத்தில் புகையிலை வாடை அடித்தது. மூன்றாம் நாள் காலையில் பா தூ என்னைக் கூப்பிட்டு உச்சிக் கிளையைக் காட்டினாள். அங்கே ஒரே ஒரு பூ.

"உன் கை படாததால் பிழைத்தது" என்றாள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்று என்றாலும் பூதான். மனைவியை வரச்சொல். ஆனால் நீ இனிமேல் கொல்லைக்குப் போகக் கூடாது."

அமலோற்பவம் வந்து இறங்கிய அன்றே பா தூ முழுக்கதையையும் ஏணியில் ஏறிக் காட்டாத குறையாக நடித்துக் காட்டிவிட்டாள். இரண்டு பேரும் அன்றைக்கே சிநேகிதம்.

மறுவருஷம் அமலோற்பவம் முழுகாமல் இருந்தாள். பா தூவுக்குத் தெரியும், தகரக்காரருக்கும் தெரியும். எனக்கு நாலாம் மாதம்தான் தெரிந்தது. எகிறிக் குதித்தேன்.

"எனக்கு ஏன் முதலில் சொல்லவில்லை?"

"மொட்டு விட்டிருக்குன்னு சொன்னா, நீங்க ஏணியைத் தூக்கிக்கிட்டு வந்துடுவீங்களாம். பா தூ அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க."

இப்போது என் மகளும் மருமகளும்கூட அதே வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் நல்ல சேதி எதுவும் நாலு மாதத்துக்கு முன்னால் என் காதுக்கு வந்ததில்லை.