அரிசிச் சாமியாரும் ஒரு புளியங்காயும்

கார்த்திகை மாசத்து ஞாயிற்றுக்கிழமை. கீழப்பழுவூர்ப் பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிந்தன. அரிசிச் சாமியார் வருகிறாராம்! களவு போன வீட்டுக்கு வந்து, சந்தேகப்பட்டவர்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு பிடி மந்திரித்த அரிசி கொடுப்பார். மென்று துப்ப வேண்டும். நனைந்து விழுந்தால் உத்தமர். மாவாகக் காய்ந்து விழுந்தால் திருடர். போலீஸுக்கு எதற்குச் சம்பளம், கோர்ட்டுக்கு எதற்குக் கட்டடம்? அரை கிலோ பொன்னி அரிசி போதாதா? இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். ஊருக்குள் செல்போன் வந்துவிட்டது, புத்திதான் இன்னும் வந்து சேரவில்லை.

நாயனக்காரர் பாவாடைக்கு மட்டும் இதில் சந்தோஷமில்லை. பஞ்சாயத்துத் தலைவர் அய்யம்பெருமாள் வீட்டில் தங்கச் சங்கிலியைக் காணோம். அங்கே பாத்திரம் தேய்க்கிற கிருஷ்ணம்மாள் பாவாடையின் மனைவி. சந்தேகப்பட்ட ஏழு பேரில் முதல் பெயர் அவளுடையது. காய்ந்து துப்பினால் மொட்டையடித்து ஊரைவிட்டு விரட்டுவதென்று முடிவாகியிருந்தது. கூத்தைப் பாருங்கள், சாமியாரை வரவேற்று வாசிக்கவும் பாவாடையைத்தான் அமர்த்தியிருந்தார்கள்.

முதல் நாள் சாயங்காலமே அவர் வரதராஜன்பேட்டைக்கு ஓடி, விலங்கியல் டீச்சர் ஷாலினி மேரியிடம் புலம்பினார்.

“அவ களவு எடுக்கல டீச்சர். ஆனா பயந்தாங்கொள்ளி. இப்பவே நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குதுங்கறா.”

“பயந்தா யாருக்கும் காயும். எச்சில் சுரப்பிக்கு நரம்பு சேதி சொல்லணும். சொன்னா, அந்த செல்லுக்குள்ள சேத்து வச்சிருக்கற கால்சியம் குபுக்குனு அவுந்து வரும். அது சின்னச் சின்னக் கதவத் தொறந்துவிடும். அந்த வழியா உப்பு வெளிய போகும், உப்புப் பின்னாடியே தண்ணி போகும். அதான் எச்சில். பயத்துல அந்தச் சேதியே அடங்கிடும்.”

“கால்சியம்னா, ஆலத்தியூர்ல லாரி லாரியா தோண்டுறாங்களே, சுண்ணாம்புக்கல்லு…”

“அதுலயும் இருக்கறதுதான். அதுக்காக சுண்ணாம்ப அள்ளிக் குடுத்துடாதீங்க, வாய் வெந்துடும்! சரி, நீங்க வாசிக்கறப்ப எதிர்ல எவனாவது புளியங்காய் கடிச்சா என்னாகும்?”

பாவாடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷமாக அந்த வம்பை அனுபவிப்பவர். எதிரே ஒருத்தன் கடித்தால் இவர் வாயில் ஊறும். நாயனத்துக்குள் எச்சில் இறங்கி, தோடி ராகம் பீப்பீயென்று உயிரை விடும்.

மறுநாள் சாமியார் வந்தார். காவி வேட்டி, கழுத்து கொள்ளாத உருத்திராட்சம், கையில் தங்க வாட்ச். கிருஷ்ணம்மாள் முன்னால் வந்ததும் கண்ணை உருட்டினார்.

“பொய் சொன்ன நாக்கு அழுவிப் போயிடும்!”

மற்ற ஆறு பேருக்கு இந்த உருட்டல் கிடையாது. யார்மேல் சந்தேகம் என்று தலைவர் முன்பே காதில் ஓதியிருந்தார்.

ஏழு பேரும் அரிசியை வாயில் போட்டார்கள். பாவாடை நாயனத்தை இறக்கி வைத்தார். மடியிலிருந்து ஒரு புளியங்காயை எடுத்து, மிளகாய்த்தூள் தொட்டு, பெண்டாட்டி முகத்துக்கு நேராக நின்று நறுக்கென்று கடித்தார். கண்ணைச் சுருக்கி ‘ஸ்ஸ்’ஸென்று உறிஞ்சினார். கிருஷ்ணம்மாளுக்குச் சிரிப்பு முட்டியது, வாயும் ஊறியது. தவில்காரருக்கு ஊறியது, தலைவருக்கு ஊறியது. மந்திரத்தின் நடுவில் சாமியாரே மடக்கென்று விழுங்கினார். ஏழு பேரும் துப்பியது கஞ்சி.

“தீட்டு! தீட்டாயிடுச்சு!” என்று குதித்தார் சாமியார்.

கூட்டத்திலிருந்து ஷாலினி மேரி முன்னால் வந்தார். “புளியங்காய்க்குத் தோத்த சக்தியா இது? சரி, இப்ப நீங்க மெல்லுங்க சாமி. போலீஸ்ல மனு குடுத்திருக்கேன். ஜீப் கெளம்பிடுச்சு.”

சாமியார் நழுவப் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் விடுமா? மென்றார், துப்பினார். வெள்ளை மாவு தாடியெல்லாம் பறந்தது.

“ஒண்ணு, சங்கிலிய எடுத்தது நீங்க. இல்லேன்னா இந்த அரிசி பொய். எது சாமி?”

“சத்தியமா நான் எடுக்கலீங்க! அரிசிதான் பொய்யிங்க! பயந்தா எவனுக்கும் காயுமுங்க!”

டீச்சர் சொன்ன பாடத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டார். நல்ல மாணவர்.

கும்பிட்ட கைகள் உடனே துடைப்பத்தைத் தேடின. அய்யம்பெருமாள் தலையைச் சொறிந்தார். “அப்ப சங்கிலிய யாருதான் எடுத்தா?”

கிருஷ்ணம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது பயம் இல்லை, கோபம்தான்.

“தேடுங்க. நாலு பேர உக்கார வச்சு விசாரிங்க. அதுக்குச் சோம்பப்பட்டுத்தான என் வாய்ல அரிசியப் போட்டீங்க? எனக்கு வாய் ஊறுதா, காயுதான்னு அத்தன பேரும் எட்டி எட்டிப் பாத்தீங்களே, நம்ம மூள காஞ்சு கெடக்கேன்னு ஒருத்தராச்சும் பாத்தீங்களா?”