மாப்பிள்ளை தந்த நாலு செல்

இணுவில்.

என்றும் என் மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் சீவரத்தினம் எழுதிக்கொள்வது. நீங்களும் மகாதேவி அக்காவும் சாவகச்சேரியில் சுகமாக இருக்கக் கந்தனை வேண்டுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் சரியில்லை. போன் எடுத்தால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பா, பிறகு சந்தை வரைக்கும் கதை போய்விடும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். அத்தான், நீங்கள் என் மகள் கஜானிக்குப் பேசித் தந்த சம்பந்தம் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆவணியில் கலியாண எழுத்து என்று நாள் குறித்த பிறகு இப்படிச் சொல்ல எனக்கும் கூச்சம்தான்.

பெண் பார்க்க வந்த அன்று, பலகாரத்தட்டு வைத்த நேரம் பார்த்துக் கரண்ட் போனதும், எங்கள் சார்ஜ் ஃபான் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றதும், மாப்பிள்ளையின் தகப்பனுக்கு வேர்த்து வழிந்ததும் உங்களுக்குத் தெரியும். மறுகிழமை மாப்பிள்ளை பிரவீணன் தன் பற்றறிக் கடையிலிருந்து நாலு லிதியம் செல் கொண்டுவந்தான். "மாமா, இதுகளை ஃபானுக்குப் போடுங்கோ. மூவாயிரம் எண்டு எழுதியிருக்கு, உண்மையிலை கொஞ்சம் குறையத்தான் இருக்கும்" என்றான். எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற கணக்காம் அது. எனக்கு அங்கேயே சுருக்கென்றது. தன் கடைச் சாமானைத் தானே குறைத்துச் சொல்லுகிற வியாபாரியை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா? திருவிழாவில் நடைபாதைக் கடையொன்றில் நான் வாங்கிய செல்லில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. அதே செல் போட்ட, இருட்டில் பிடிக்கிற ரோச் லைற் ஒன்றைத்தான், வெறுங்கையோடு போகக் கூடாது என்று, அவர்கள் வீட்டுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாங்கள் ஒன்பதாயிரம் கொடுக்க அவர்கள் மூவாயிரம் தருகிறார்கள். இது என்ன முறை?

சரி என்று வாங்கி வைத்தேன். என் மனைவி குணலட்சுமி வழக்கம்போல் புதுச் சாமானைச் சாமித்தட்டில் வைத்து, ஒவ்வொரு செல்லின் தலையிலும் சந்தனமும் குங்குமமும் அப்பிய பிறகுதான் என் கையில் தந்தாள். ஃபானில் போட்டால் அது பழைய இரண்டு சுற்றோடு சரி. பக்கத்து வீட்டில், சோலார் பூட்டுகிற டினேஸிடம் ஒரு மெசின் இருக்கிறது. செல்லை நிரப்பி, பிறகு இறக்கி, உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்று அது காட்டும். ஒரு செல்லை அதில் வைத்துவிட்டு, பிள்ளையின் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் முன்னாலேயே குந்திக்கொண்டிருந்தேன், அத்தான். கடைசியில் நானூறு என்று காட்டியது. "அண்ணை, இது செத்த செல். மற்றதுகளும் உப்பிடித்தான் இருக்கும்" என்றான் டினேஸ்.

மூவாயிரம் என்று சொல்லி நானூறு தருகிறவன் நாளைக்கு என் பிள்ளையை எப்படி வைத்திருப்பான்? சாத்திரியார் பத்துப் பொருத்தமும் பார்த்தார், இதைப் பார்த்தாரா? பொறுக்க முடியாமல் பிரவீணனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவன் கோபிக்கவும் இல்லை. "மாமா, செல்லின்ரை தலையை வடிவாத் துடைச்சுப்போட்டு இன்னொருக்கால் வையுங்கோ" என்றான். செத்ததுக்கு முகம் கழுவச் சொல்லுகிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கஜானியிடம் சொன்னேன், அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. ஒரு பொய்யனின் கையில் பிடித்துக் கொடுக்கப் போகிறேனோ என்று நினைத்து நினைத்து, குணலட்சுமியோடையும் கொளுவிச் சண்டை பிடிக்கிறேன் அத்தான். ஆகவே நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய், பக்குவமாகச் சொல்லி, எழுத்தை நிறுத்திவிடுங்கோ.

அக்காவுக்கு என் அன்பு. முருகன் எல்லாரையும் காக்கட்டும், எங்களைக் கொஞ்சம் முதலில் காக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் கலங்கிய மைத்துனன்
சீவரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்க, கஜானி வந்து கடிதத்தை வாங்கி வாசித்தாள். அந்தச் செத்த செல்லை எடுத்து, தலையில் காய்ந்து கிடந்த சந்தனத்தைச் சுரண்டித் துடைத்து, டினேஸின் மெசினில் வைத்தாள். அது நிரம்பி இறங்கும்வரை கடிதமும் ஒட்டாமல் கிடந்தது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம், அத்தான். சந்தனம்தான் கரண்டை மறித்திருக்கிறது. கொஞ்சம் குறையும் என்று மருமகன் சொன்னதும் அப்படியே சரி. பிறகு என்னுடைய ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்தை வைத்தோம். அது ஐந்நூறையும் எட்டவில்லை. அதற்கு ஒருவரும் சந்தனம் வைக்கவுமில்லை. ஆகவே எழுத்தை நிறுத்த வேண்டாம். நான் கொடுத்த ரோச் லைற்றை ஏதாவது சாட்டுச் சொல்லித் திருப்பி வாங்கிவிடுங்கோ, மருமகனின் கடையிலும் உந்த மெசின் இருக்கும், எங்கள் மானம் போய்விடும்.

இதை எழுத எழுத கஜானி தோளுக்கு மேலால் பார்த்துச் சொல்கிறாள்: "அப்பா, அவர் அதை அண்டைக்கே சோதிச்சிட்டார். உள்ளுக்குத் தன்ரை செல்லைப் போட்டு, மாமா தந்த லைற் நல்லா எரியுது எண்டு தகப்பனுக்குக் காட்டினவராம். உங்களிட்டைச் சொல்ல வேண்டாம் எண்டவர், நீங்கள் கவலைப்படுவியளாம்."