மூச்சுக்கோட்டாரும் முப்பத்தேழு கோணல் வேலிகளும்

ஞாயிறு காலை ஆறு மணிக்கே வரிசை நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லையா, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டுவிடாதீர்கள். தங்கள் வீட்டு வேலி எந்தப் பக்கம் கோண வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் புதுக் குடியிருப்பின் மக்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மொத்தம் நாற்பது வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. சொந்த வீடு என்ற பூரிப்பில் கால் தரையில் படாமல் நடந்துகொண்டிருந்தவர்களுக்குச் சாவியோடு கூட நகராட்சி ஒரு சிறு புத்தகமும் கொடுத்திருந்தது. வேலி எங்கே போடலாம், குழி தோண்டுமுன் யாரைக் கேட்க வேண்டும், எந்தச் சுவரைத் தொடவே கூடாது, எல்லாம் அதில் இருந்தது. இலவசம். அதுதான் அதன் குறை. சும்மா கிடைத்ததை எவன் படிப்பான்? பெரும்பாலான வீடுகளில் அது ஆடுகிற மேசைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அறிவுக்கு நம் மக்கள் ஒதுக்குகிற இடம் எப்போதுமே காலடிதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் காரில் வந்து இறங்கினார் மூச்சுக்கோட்டார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, பாதி மூடிய கண், இரண்டு கையிலும் வளைத்த செப்புக் கம்பி. பூமி மூச்சு விடுகிறதாம். அந்த மூச்சு மண்ணுக்கடியில் கோடு கோடாக ஓடுகிறதாம். கோட்டை மறித்து வேலி போட்டால் வீடு மூச்சுத் திணறிச் சாகுமாம். கம்பிகளை நீட்டிக்கொண்டு அவர் நடப்பார். ஓரிடத்தில் இரண்டும் குறுக்கே மடங்கும். உடனே மூக்கை உறிஞ்சுவார்.

“இங்கதான். பூமி மூச்சு விடுது. கேக்குதா?”

“கேக்குதுங்க!” என்பார்கள் எல்லோரும். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

கட்டணம் என்று அவர் எதுவும் கேட்பதில்லை. பணம் வைத்த உறை மட்டும்தான். உறை மெலிந்திருந்தால் கம்பி மடங்காது, அவ்வளவே. வேலிக்கான கம்பங்களையும் அவரிடமே வாங்க வேண்டும். மற்ற கடைக் கம்பங்களுக்கு மூச்சு விடத் தெரியாது.

இரண்டே மாதத்தில் முப்பத்தேழு வேலிகள் கோணின. தையல்கார அம்மா வீட்டு வேலி பாம்பு போல ஐந்து இடத்தில் நெளிந்தது. வளைவுக்கு வெளியே விழுந்த அவருடைய சொந்த மண்ணில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நிறுத்த ஆரம்பித்தார். முடிதிருத்துபவர் வீட்டு வாசல் மூச்சுக்கு நேரே இருந்ததால் கேட்டை ஆணி அடித்து மூடிவிட்டு, ஏணி வைத்து வேலியைத் தாண்டினார்கள். அவருடைய மாமியார் ஒருநாள் ஏணி உச்சிவரை ஏறியவர், அந்தப் பக்கம் இறங்கப் பயந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “மூச்சோட சக்தியைப் பாத்தீங்களா, எங்க மாமியாரையே நிறுத்திருச்சு!” என்று மனிதர் பூரித்துப்போனார்.

ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் வீட்டில் கோடு கூடத்தின் நடுவே ஓடியது. அதனால் கூடத்துக்குள்ளேயே வேலி. சோபாவிலிருந்து தொலைக்காட்சிக்குப் போக ஒரு சின்னக் கேட்டைத் திறக்க வேண்டும். குமாஸ்தா அந்தப் பக்கம், மனைவி இந்தப் பக்கம். “முப்பது வருஷமா நான் கேட்டுக்கிட்டிருந்தது இதைத்தான்” என்றார் அந்த அம்மாள். குடும்பத்தில் சண்டை நின்றுவிட்டது. மூச்சுக்கோட்டார் புகழ் பல மடங்கானது.

பலித்தால் அது மூச்சின் மகிமை. பலிக்காவிட்டால் கம்பத்தை ஒரு விரற்கடை தள்ளி நட்டுவிட்டீர்கள். இந்தக் கணக்கில் தோற்பதற்கு வழியே கிடையாது.

மீதி மூன்று வீடுகளில் இரண்டு பூட்டிக் கிடந்தன. மூன்றாவது பஸ் டிரைவர் வீடு. அங்கே வேலி கோணாததற்குக் காரணம் டிரைவரின் மனைவி. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். உள்ளே என்ன இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்காமல் எதையும் நம்பாத தொழில்.

டிரைவருக்கோ வேறு கவலை. ஒன்பது வயது மகளுக்கு இரைப்பு நோய். மருத்துவர் கொடுத்த பம்பு மருந்தை அந்தப் பிள்ளை உறிஞ்சும்போதெல்லாம் தன் மூச்சும் நின்றுபோகும் அவருக்கு. பாசத்தில் தவிப்பவன்தான் மோசடிக்காரனுக்கு முதல் விளைச்சல்.

டிரைவரின் அக்கா மூச்சுக்கோட்டாரின் பரம பக்தை. தம்பி வீட்டிலேயே தங்கியிருந்தவர், தம்பி மனைவி வேலைக்குப் போன நேரம் பார்த்து அவரை உள்ளே அழைத்து வந்துவிட்டார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரின் முன்னால் கம்பிகள் மடங்கின. மூச்சுக்கோட்டார் கண்ணை மூடினார்.

“இந்த வீட்ல ஒரு சின்ன உசிர் மூச்சுக்குத் தவிக்குது.”

டிரைவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நாம ஒரு வார்த்தை சொல்லலையேடா தம்பி, அவராவே சொல்றாரு பாரு!” அக்காவுக்குக் கண்ணீர் பொங்கியது.

“பூமியோட மூச்சை இந்தச் சுவர் அடைக்குது. பூமிக்கு அடைச்சா பிள்ளைக்கும் அடைக்கும். சுவரை எடுத்துருங்க. அப்புறம் மருந்து எதுக்கு? தூக்கி எறிஞ்சிருங்க.”

மாலையில் மனைவியிடம் இந்தச் செய்தி போனபோது அவர் நகராட்சிப் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். “இது மாடியைத் தாங்குற சுவர்ங்க. இன்ஜினியர் கையெழுத்து இல்லாம தொடவே கூடாதுன்னு போட்டிருக்கு. மேல நம்ம பிள்ளை படுக்குது.”

“நீ எலும்பைப் பாக்கிறவ. இது மூச்சு சமாச்சாரம்.”

“சுவர்தாங்க வீட்டுக்கு எலும்பு.”

“ரெண்டு வருஷமா அந்த டாக்டர் பம்பு குடுக்கிறாரு. என்ன குறைஞ்சுது?”

“குறைஞ்சிருக்கே. முன்னாடி வருஷத்துக்கு ஆறு தடவை பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்த வருஷம் ஒரே ஒரு தடவை.”

“அந்த ஒரு தடவை ஓடினோம்ல!” என்று கத்தினார் டிரைவர். மனைவி புத்தகத்தை மூடி வைத்தார். பயத்தோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு அவர் பணி முடிந்து தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு நீண்ட வெள்ளைக் கோடு. எதிர்வீட்டிலிருந்து புறப்பட்டு இவர் கேட் வழியாக உள்ளே போனது. உள்ளே ‘தொம் தொம்’ என்று சம்மட்டிச் சத்தம். கூடத்திலிருந்து புழுதி புகையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

கேட்டருகே மகள் குனிந்து நின்று இரைத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது.

“பழைய மூச்சு வெளியேறுது. நல்ல அறிகுறி” என்று பக்கத்தில் நின்ற டிரைவரிடம் சொன்னார் மூச்சுக்கோட்டார்.

“பம்பு எங்க?” என்றார் அம்மா.

“மாடியிலதான் இருந்துச்சும்மா... அத்தை எடுத்துட்டாங்க” என்று மகள் திக்கித் திக்கிச் சொன்னாள்.

அம்மா நேரே போய் நாத்தனாரின் கைப்பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். விழுந்த பம்பை எடுத்து மகள் வாயில் வைத்து அழுத்தினார். ஒன்று. இரண்டு. சிறிது நேரத்தில் பிள்ளையின் தோள் தாழ்ந்தது. பூமியின் மூச்சு கேட்ட காதுகளுக்கு அந்தப் பிள்ளையின் மூச்சு அப்போதுதான் கேட்டது.

பிறகு அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் தலையளவு ஓட்டை. அதிலிருந்து விரிசல் ஒன்று உத்தரம் வரை ஓடியிருந்தது. கொத்தனார் சம்மட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“நான் சொன்னேங்கம்மா, இது தாங்கு சுவர்னு. டிரைவர் அய்யா கேக்கல.”

“நிறுத்துங்க. மீதியை அப்புறம் பாக்கலாம்” என்றவர் வெளியே வந்து மூச்சுக்கோட்டாரிடம் வெகு மரியாதையாகக் கேட்டார்: “அய்யா, இந்தக் கோடு சரியா இதே இடத்துலதான் ஓடுதா?”

“நூல் பிசகாது.”

“அப்ப இன்னொரு தடவை கண்டுபிடிச்சுக் காட்டுங்க. கண்ணை மட்டும் கட்டிக்கிறீங்களா?”

மூச்சுக்கோட்டார் சிரித்தார். “கண்ணைக் கட்டிட்டா எப்படிம்மா தெரியும்?”

“மூச்சு கண்ணுக்குத் தெரியாதுன்னு நீங்கதானே சொல்றீங்க? கம்பிக்குத்தானே தெரியும். கம்பியை நான் கட்டலையே.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மனிதர் நழுவப் பார்த்தார். “இன்னைக்கு நேரம் சரியில்ல, இன்னொரு நாள்...” என்று ஆரம்பித்தார். நழுவியும் இருப்பார். கெடுத்தது அவருடைய பக்தைதான்.

“ஏன் அய்யா தயங்கறீங்க? கண்ணைக் கட்டிட்டு நீங்க கடலுக்குள்ளயே கோடு போடுவீங்களே! எங்க தம்பி பொண்டாட்டி வாயை இன்னைக்கு அடைச்சுக் காட்டுங்க!” என்று டிரைவரின் அக்கா தன் துப்பட்டாவையே உருவி அவர் கண்ணைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பக்தி முற்றினால் கடவுளுக்கே ஆபத்து.

குமாஸ்தா மூச்சுக்கோட்டாரின் தோளைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். மனிதர் கம்பியை நீட்டிக்கொண்டு நடந்தார். சுண்ணாம்புக் கோட்டை மிதித்துத் தாண்டினார். கம்பிகள் அசையவில்லை. பத்தடி தள்ளிப் போய் மடங்கின.

“இங்கதான்!”

கொத்தனார் அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தார். மறுபடி சுற்றிவிட்டார்கள். இந்த முறை குப்பைத் தொட்டிக்கு முன்னால் மூச்சு. செங்கல். அடுத்த முறை முடிதிருத்துபவரின் ஏணிக்குக் கீழே. செங்கல். மூன்று செங்கல் மூன்று திசையில். சுண்ணாம்புக் கோடு தனியாகத் தன் பாட்டுக்குக் கிடந்தது. யாரும் வாய் திறக்காததால் தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாகவே அவர் நினைத்தார்.

நாலாம் முறை தெருமுனையை நோக்கிப் போனவர் சட்டென்று நின்றார். கம்பிகள் குறுக்கே மடங்கின. உடம்பெல்லாம் ஒரு குலுக்கல்.

“அடேயப்பா! இது பெரிய அடைப்பு! முன்னால என்னமோ நிக்குது பாருங்க, அதுதான் இந்தத் தெருவோட மூச்சையே நெரிக்குது. எதுவா இருந்தாலும் இடிச்சுத் தள்ளுங்க!”

முன்னால் நின்றது அவருடைய வெள்ளைக் கார்.

கொத்தனார் உள்ளே போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தார்.

“இடிச்சிரலாங்களா?”

“தயங்காதீங்க! ஓங்கிப் போடுங்க!”

“சொன்னா சரிங்க” என்று கொத்தனார் ஓங்கினார். முகப்பு விளக்கு ‘சிலீர்’ என்றது. அந்தச் சத்தம் மூச்சுக்கோட்டாருக்கு எங்கேயோ கேட்ட சத்தமாகப் பட்டிருக்க வேண்டும். துணியைப் பிய்த்து எறிந்தவர் அலறினார்: “டேய்! என் காருடா!”

தெரு வெடித்துச் சிரித்தது. மனிதர் கதவைத் திறந்து கம்பிகளை உள்ளே வீசினார். அவசரத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டு கீழே விழுந்தது. டிரைவரின் அக்காதான் அதை எடுத்தார். பிரித்தார். உரக்கப் படித்தார்.

“குமாஸ்தா: பொண்டாட்டியோட ஆகாது, கூடத்தைப் பிரி. முடிதிருத்துபவர்: மாமியார் தொல்லை, வாசலை மூடு. டிரைவர்: மகளுக்கு இரைப்பு, சுவர்...” அத்தோடு நோட்டைத் தாழ்த்தினார். அடுத்த வரியை மனைவி எட்டிப் பார்த்துப் படித்தார்: “டிரைவர் அக்கா: வாயாடி. தெரு விஷயம் எல்லாம் இவளே சொல்லிடுவாள்.”

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அவர் நோட்டை மறுபடி புரட்டிக்கொண்டிருக்கும்போதே கார் ஒற்றைக்கண்ணோடு தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஓட்டத்தில் மனிதருக்கு எந்தக் கோடும் குறுக்கே வரவில்லை.

“ஆனா கம்பி தானா மடங்குச்சே, நானே பாத்தேன்” என்றார் டிரைவர், இன்னும் நம்ப முடியாமல். மனைவி துணி மாட்டுகிற கம்பி இரண்டை வளைத்து அவர் கையில் கொடுத்தார்.

“நடங்க. அந்த விளக்குக் கம்பத்துக்கிட்ட மடங்கும்னு மனசுல நினைச்சுக்கோங்க.”

நடந்தார். விளக்குக் கம்பத்தருகே மடங்கின.

“நான் ஒண்ணும் பண்ணலையே!”

“மணிக்கட்டு ஒரு நெல்லளவு சாஞ்சா போதும். உங்களுக்கே தெரியாது. அவருக்கு நல்லாத் தெரியும்.”

டிரைவர் இன்னொரு முறை நடக்கவில்லை. கம்பிகளைக் கீழே போட்டுவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். “அப்பாவை மன்னிச்சிரும்மா” என்றவர் அந்தப் பம்பை இரண்டு கையாலும் வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றே இன்ஜினியர் வந்து உத்தரத்துக்கு இரும்புக் கால் கொடுத்தார். “இன்னும் நாலு அடி விழுந்திருந்தா மாடி கூடத்துல இருந்திருக்கும்” என்றார். அன்று சாயங்காலம் அக்கா தம்பி மனைவியிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார், “தப்பும்மா” என்று. அவர் வாழ்க்கையில் அவ்வளவு குறைவாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம் மக்கள் விடுவார்களா?

அடுத்த ஞாயிறு கேட்டைத் திறந்த எக்ஸ்ரே அம்மா திகைத்துப்போனார். அவர் வீட்டு வாசலில் வரிசை. முன்னால் முடிதிருத்துபவர், பின்னால் தையல்கார அம்மா, அதற்கும் பின்னால் குமாஸ்தா. ஆளுக்கொரு உறை.

“அம்மா, அந்த ஆளு ஏமாத்துக்காரன். உங்க கைதான் உண்மையான கை. அந்தத் துணிக்கம்பியால எங்க வீட்டையும் ஒரு தடவை பாத்துச் சொல்லிருங்கம்மா, வேலியை எங்க நடறது?”

அவர் உள்ளே போய் நகராட்சிப் புத்தகத்தோடு வந்தார். வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு பக்கத்தைப் படித்தார்.

“வீட்டு முன்பக்க வேலி இடுப்புக்கு மேல உயரக் கூடாது. இது நகராட்சி போட்ட விதி. இடுப்பைப் பத்தி அவங்க சொல்லிட்டாங்க. கழுத்துக்கு மேல இருக்கிறதை என்ன பண்ணணும்னு இதுல போடல. அதை நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. அதை இன்னொருத்தன் கையில குடுத்துட்டு, அவன் கைக்கம்பியைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க!”