என் கார் ஷெட் கதவை என்னிடம் திருப்பித் தரவும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் என் மகளும் இரட்டைப் பேத்திகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுகமாக இருப்பவர்களுக்குத்தான் அடுத்தவர் வீட்டுக் கதவை ஏற்றி இறக்கப் பொழுது கிடைக்கும். இங்கே நான் சுகமாக இல்லை. ஃபோனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டில் யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்துவிடுகிறீர்கள். நான் 'மாப்பிள்ளை' என்று ஆரம்பிப்பதற்குள் உங்கள் அத்தை, அதான் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிற என் பெண்டாட்டி, பின்னாலிருந்து பதிலே சொல்லி முடித்துவிடுகிறாள். ஆகவே கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான். போன முறை வந்தபோது என் கார் ஷெட் கதவு மோட்டார் பக்கத்தில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனீர்களே, அதை உடனே வந்து கழற்றிக்கொண்டு போக வேண்டும். மாப்பிள்ளை என்கிற மரியாதைக்காக 'வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன். மனசுக்குள் வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், அதெல்லாம் காகிதத்தில் வரக் கூடாது.

நான் ஒரு கிடங்கைக் கட்டி மேய்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். சாவிக் கொத்து என் இடுப்பில்தான் தொங்கும். முதலாளியே வந்தாலும் வாசலில் நின்று, "என்னப்பா, திறக்கலாமா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படி இருந்தவனுக்கு இன்றைக்குச் சொந்த வீட்டுக் கதவு எப்போது திறக்கும் எப்போது மூடும் என்று தெரியாது. தெருவுக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது.

முதலில் ஒன்று கேட்கிறேன். கதவு கெட்டுப்போயிருந்ததா? மோட்டார் நின்றுபோயிருந்ததா? பழைய ரிமோட்டில் ஒரே பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் கதவு ஏறி மேலே கூரையோடு படுத்துக்கொள்ளும், மறுபடி அமுக்கினால் இறங்கி நிற்கும். இவ்வளவுதானே ஐயா ஒரு கதவிடம் மனுஷன் எதிர்பார்ப்பது? தாங்கள் ஏணி போட்டு ஏறி, சுவர் சுவிட்சுக்குப் போகிற இரண்டு வயரோடு அந்தப் பெட்டியின் வயரை முடிந்து, கதவின் உள்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைச் சாமானை ஒட்டி, கையைத் தட்டிக்கொண்டு இறங்கினீர்கள். "இனிமே எங்கிருந்து வேணும்னாலும் திறக்கலாம் மாமா, ஃபோன் இருந்தா போதும்." நான் கதவுக்கு முன்னாடி நிக்கும்போது எதுக்கு மாப்பிள்ளை எங்கிருந்தோ திறக்கணும் என்று கேட்டேன். சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம், தாங்கள் ஊருக்குத் திரும்பிப் போய் என் பெண்டாட்டி ஃபோனிலும் கதவைத் திறந்து மூடுகிற அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்த பிறகுதான் விளங்கியது.

பேத்திகளைப் பார்த்துக்க ஒரே மாசம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினவள் அவள். இப்போது இரண்டுக்கும் பல் முளைக்கப் போகிறதாம். "பல் முளைச்சதும் வந்துடறேன்" என்கிறாள். அப்புறம் நடக்கணும் என்பாள், பள்ளிக்கூடம் போகணும் என்பாள், கல்யாணம் முடியட்டும் என்பாள். நானும் அங்கே வந்து இருந்திருப்பேன், ஆனால் என் குறட்டையில் குழந்தைகள் அலறுகிறார்கள் என்று வந்த வேகத்தில் டிக்கெட் எடுத்து அனுப்பி வைத்த குடும்பமல்லவா உங்களுடையது! சரி, அதை நான் பெரிசுபடுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவை ஹோஸ் வைத்துக் கழுவுவது என் வழக்கம். அன்றைக்கு அந்த வெள்ளைச் சாமான் பெயர்ந்து கீழே விழுந்தது. கீழே கிடக்கிற சாமானைத் துடைத்து அலமாரியில் பத்திரமாக வைப்பது கிடங்குக்காரன் புத்தி. அலுங்காமல் படுக்க வைத்தேன். கதவு நின்றால் மூடியிருக்கிறது, படுத்தால் திறந்திருக்கிறது என்று அந்தச் சனியனுக்குக் கணக்காம், எனக்கு எப்படி மாப்பிள்ளை தெரியும்? தாங்கள் சொன்னீர்களா? வாஷிங் மிஷின் ஷெட்டில்தான் இருக்கிறது. உடுத்தியிருந்ததையும் துவைக்கப் போட்டுவிட்டு இடுப்பில் ஒரு துண்டோடு நின்றுகொண்டிருக்கிறேன், கதவு கடகடவென்று ஏறுகிறது. எதிர் வீட்டு ரிட்டயர்டு தலைமையாசிரியை அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நேரே என்னைப் பார்க்கிறார். நான் ஓடிப்போய் சுவர் சுவிட்சை அமுக்கினேன், இறங்கியது. அப்பாடா என்று திரும்பினால் மறுபடி ஏறுகிறது! மறுபடி நான் அமுக்க, மறுபடி அது ஏற, என் மானம் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசியில் துண்டு அவிழாமல் இருந்தது ஏதோ முன்னோர் செய்த புண்ணியம். அப்போது ஃபோன் அடித்தது.

"ஏங்க, கதவை ஏன் ஆன்னு தொறந்து போட்டிருக்கீங்க?"

"மூடித்தான்டி இருக்கு."

"தொறந்திருக்குன்னு காட்டுதே. நானும் மூடி மூடிப் பார்க்கிறேன், மூட மாட்டேங்குது."

"நான் கதவு முன்னாடி நிக்கிறேன். என் கண்ணு பொய் சொல்லுதா?"

"ஃபோன் எதுக்குங்க பொய் சொல்லணும்?"

கேட்டீங்களா மாப்பிள்ளை? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன் பொய் சொல்லுவானாம், போன மாசம் வாங்கின ஃபோன் சொல்லாதாம். அப்புறம் நீங்க சொன்னீங்கன்னு அந்தச் சாமானை பெயின்ட் டப்பா மேல சாய்ச்சு நிக்க வச்சேன். தெருவில தண்ணி லாரி போனா அது அதிர்ந்து கவுந்துடும். அது கவுந்தா அங்கே தொறந்திருக்குன்னு காட்டும். உடனே அவ மூடுறேன்னு அமுக்குவா, இங்கே கதவு தொறக்கும். தண்ணி லாரி வந்தா தெருவில எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க, நான் மட்டும் கதவைப் பிடிக்க ஓடுவேன். போதும்டா சாமின்னு கடையில நல்ல பசை வாங்கி நானே ஒட்டினேன். இப்போ அது சரியாத்தான் காட்டுது. ஆனா அதுக்குள்ள உங்க அத்தைக்கு ருசி கண்டுபோச்சு.

நான் ஃபோன் எடுக்கலைன்னா கதவைத் தூக்குறா. மாத்திரை நேரம் வந்தா தூக்குறா. வாக்கிங் போகலைன்னா தூக்குறா. "ஃபோனை சைலன்ட்ல போடுவீங்க, கதவை சைலன்ட்ல போட முடியுமா?"ன்னு கேக்கிறா, கொழுப்பைப் பார்த்தீங்களா! மூடும்போது அந்தப் பெட்டி விளக்கைச் சிமிட்டிக்கிட்டு கீ கீன்னு வேற கத்துது. எதிர் வீட்டு அம்மா கேட்டுக்கு வந்து, "சார், கதவு ஏறிடுச்சே, மாத்திரை போட்டாச்சா?"ன்னு வகுப்புல பையனைக் கேக்கிற மாதிரி கேக்கிறாங்க. நான் "போட்டாச்சு மேடம்"னு கையைக் கட்டிக்கிட்டு பதில் சொல்றேன். என் சர்க்கரை எவ்வளவுன்னு பேப்பர் போடுறவன் வரைக்கும் தெரியும்.

நேத்திக்கு நடந்ததுதான் உச்சம். காரை ரிவர்ஸ்ல பாதி வெளியே எடுத்திருக்கேன். தொறந்தே கிடக்குன்னு மகராசி அங்கேயிருந்து மூடிட்டா. கதவு கார் மேல இறங்கி வருது, கீழே இருக்கிற சென்சார் புண்ணியத்தில வண்டியைப் பார்த்துத் திரும்ப ஏறுது. ஏறினதும் மறுபடி அமுக்குறா. நான் முன்னாடியும் போக முடியாம பின்னாடியும் போக முடியாம ஹாரனை அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இறங்கி ஃபோன் பண்ணினா, "கார்ல எங்கே போறீங்க? டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்ல?"ங்கிறா. வேணும்னேதான் மாப்பிள்ளை! வேணும்னேதான் மூடியிருக்கா! எனக்கு வந்த ஆத்திரத்தில, "நீயும் வேண்டாம் உன் கதவும் வேண்டாம், என் வீட்டுப் பக்கம் இனிமே கை நீட்டாதே"ன்னு கத்திட்டு ஃபோனை வச்சுட்டேன். சொன்னது சொன்னதுதான். நான் ஒரு வார்த்தைகூடத் திரும்ப எடுக்கிறதா இல்லை.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, இந்த வாரத்துக்குள் வந்து பெட்டியைக் கழற்றாவிட்டால் நானே ஏணி போட்டு ஏறிச் சுத்தியலால் கழற்றுவேன். விழுந்து இடுப்பு ஒடிந்தால் அந்தப் பழி தங்களையே சேரும். என் வீட்டில் நான் நினைத்தபோது திறப்பேன், நினைத்தபோது மூடுவேன். தனியாக இருக்கிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் என்ன வாழ்க்கை?

மகளுக்கும் பேத்திகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். பல் சீக்கிரம் முளைக்கட்டும். தங்களுக்கும் ஆசிகள்தான், வயதில் மூத்தவன் சொல்லாமல் இருக்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
கார் ஷெட்டின் முன்னாள் உரிமையாளர்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டிவிட்டுப் பிரித்தேன். மாப்பிள்ளை, காலையிலிருந்து கதவு அசையவே இல்லை. வாக்கிங் நேரம் போச்சு, ஏறலை. சாப்பாட்டு நேரமும் போச்சு. கரன்ட் இருக்கு, பெட்டியில பச்சை விளக்கு எரியுது, ஏணி போட்டு ஏறியே பார்த்துட்டேன். எதிர் வீட்டு அம்மா வந்து, "என்ன சார், வீட்டுல உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாங்க. உங்க எல்லாருக்கும் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒருத்தரும் எடுக்கலை. அவளுக்கு ஒண்ணும் இல்லையே? நேத்திக்கு நான் கத்தினதாலயா? தபால்ல போட்டா நாள் ஆகும்னு இதை ஃபோட்டோ எடுத்து ஃபோன்லயே அனுப்புறேன். மேலே எழுதின எதையும் படிக்க வேண்டாம், நேரே இதுக்கு வாங்க. பெட்டி இருக்கட்டும், கழற்ற வேண்டாம். ஷெட்லயே நாற்காலி போட்டுக் கதவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அவளை ஒரே ஒரு தடவை அமுக்கச் சொல்லுங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.